அரசாங்கக் காசுல கட்டணும்னா ஐஎஸ்ஓ மட்டும் பத்தாது: ஆஸ்திரேலியாவோட சேஃப்டி அக்ரிடிடேஷன், முதல்ல இருந்து

போன மாசம் ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். திருச்சில சிவில் படிச்சிட்டு மெல்போர்ன்ல மாஸ்டர்ஸ் முடிச்சு, ஒரு நடுத்தர சைஸ் பில்டர் கம்பெனில எஸ்டிமேட்டரா, அதாவது டெண்டருக்கு விலை போடற ஆளா, சேர்ந்து ஆறு மாசம்தான் ஆச்சு. "அண்ணா, ஒரு யுனிவர்சிட்டி லேப் கட்டற டெண்டர் வந்திருக்கு, அதுல ஃபெடரல் சேஃப்டி கமிஷனர் அக்ரிடிடேஷன் வேணும்னு ஒரு வரி இருக்கு, எங்ககிட்ட ஐஎஸ்ஓ 45001 இருக்கு, ரிசப்ஷன்ல ஃப்ரேம் போட்டே மாட்டியிருக்காங்க, அது போதும்ல?"

போதாதுப்பா. ஐஎஸ்ஓ 45001ங்கறது சேஃப்டி மேனேஜ்மென்ட் சிஸ்டத்துக்குக் குடுக்கற சர்டிபிகேட், அந்த ஃப்ரேம் வாசக்கதவு மாதிரி, அதைத் தாண்டி உள்ள போனாதான் வீடு. நான் சிட்னில ஒரு பில்டர் கம்பெனில சேஃப்டி பக்கம் பதினோரு வருஷமா இருக்கேன், இதே கேள்வியை வேற வேற ஆளுங்க கேட்டு நூறு தடவையாவது பதில் சொல்லியிருப்பேன், தமிழ்ல ஒருதடவை எழுதி வெச்சிட்டா லிங்கை அனுப்பிட்டுப் போயிடலாமேன்னுதான் இதை எழுதறேன். கட்டட வேலைக்குப் புதுசா வந்தவங்களுக்கு, முக்கியமா இங்க எஞ்சினியர், எஸ்டிமேட்டர், காண்ட்ராக்ட் அட்மின்னு ஆரம்பிக்கற நம்ம பசங்களுக்கு.

முதல்ல விஷயம் என்னன்னு பார்ப்போம். ஆஸ்திரேலியாவோட மத்திய அரசு, இங்க காமன்வெல்த்னு சொல்வாங்க, ஒரு கட்டட வேலைக்குக் காசு போடுதுன்னா அந்த வேலையை எடுக்கற மெயின் பில்டர் ஃபெடரல் சேஃப்டி கமிஷனர்கிட்ட அங்கீகாரம் வாங்கியிருக்கணும், குறிப்பிட்ட தொகைக்கு மேல போற வேலைகளுக்கு மட்டும். அவ்வளவுதான் ஸ்கீம். பேர்தான் நீளம், ஒர்க் ஹெல்த் அண்ட் சேஃப்டி அக்ரிடிடேஷன் ஸ்கீம்னு, பேச்சுல எல்லாரும் எஃப்எஸ்சி அக்ரிடிடேஷன்னுதான் சொல்றது, சிலர் ஓஎஃப்எஸ்சிம்பாங்க, அது அந்த கமிஷனரோட ஆபீஸ் பேர், ரெண்டும் ஒண்ணுதான்.

இதுல நிறைய பேர் குழம்பற இடம் ஒண்ணு இருக்கு. இது எல்லாருக்குமான சேஃப்டி சட்டம் கிடையாது. சட்டம் தனியா இருக்கு, அது வீட்டுக்குப் பின்னாடி ஷெட் போடறவன்ல இருந்து எல்லாருக்கும் பொருந்தும். 2011ல மாடல் சட்டம்னு ஒண்ணு எழுதி 2012 ஜனவரில இருந்து ஒவ்வொரு மாநிலமா எடுத்துக்கிச்சு, மேற்கு ஆஸ்திரேலியா ஆற அமர 2022 மார்ச்லதான் வந்து சேர்ந்தது, விக்டோரியா இன்னிக்கு வரைக்கும் சேரல, அவங்க 2004ல போட்ட சொந்தச் சட்டத்தையே வெச்சிருக்காங்க. ஆக தம்பி இருக்கற மெல்போர்ன்ல சட்டம் வேற, நான் இருக்கற சிட்னில சட்டம் வேற, ஆனா எஃப்எஸ்சி ஸ்கீம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். ஏன்னா அது சட்டத்தை மீறினியான்னு கேக்கற போலீஸ் இல்ல, காசு குடுக்கற கஸ்டமர் கேக்கற கேள்வி. கல்யாண வீட்டுக்காரர் சமையல்காரரைப் பிடிக்கறதுக்கு முன்னாடி அவர் வேற வீட்டுல சமைக்கற இடத்துக்கே போய் அடுப்படி எப்படி இருக்குன்னு எட்டிப் பார்த்துட்டு வர்றாரே, அந்த மாதிரி.

இதை ஏன் ஆரம்பிச்சாங்கங்கறதுக்குப் பின்னாடி ஒரு அரசியல் கதை இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். 2001ல கட்டடத் துறையை விசாரிக்க டெரன்ஸ் கோல்ங்கற முன்னாள் நீதிபதி தலைமைல ராயல் கமிஷன் போட்டாங்க. அதுல முக்கால்வாசி யூனியன் சண்டைதான், இன்னிக்கும் அந்த கமிஷன் பேரைச் சொன்னாலே யூனியன்காரங்களுக்கு முகம் சுருங்கும், எங்களைக் குறிவெச்சுதான் போட்டாங்கம்பாங்க. ஆனா 2003ல வந்த அறிக்கைல சேஃப்டி பத்தியும் தனியா சொல்லியிருந்தாங்க, அரசாங்கம்தான் இந்தத் துறையோட பெரிய வாடிக்கையாளர், அது தன்னோட பர்ஸை வெச்சே பில்டர்களைத் திருத்தலாமேங்கற ரீதியில. அப்புறம் 2005ல சட்டம், அதுல ஃபெடரல் சேஃப்டி கமிஷனர்னு பதவி, 2006 மார்ச் 1ல இருந்து ஸ்கீம் ஓட ஆரம்பிச்சது. அதே சட்டத்துல வந்த இன்னொரு அமைப்பு ஏபிசிசி, கட்டடத் துறையைக் கண்காணிக்கற கமிஷன், அதை ஒரு அரசு 2012ல மூடிச்சு, அடுத்த அரசு 2016ல திரும்பக் கொண்டுவந்துச்சு, அதுக்கு அடுத்த அரசு 2023 பிப்ரவரில மறுபடி மூடிடுச்சு. இவ்வளவு அடிதடிலயும் சேஃப்டி கமிஷனர் ஆபீஸ் மட்டும் யார் ஆட்சிக்கு வந்தாலும் தப்பிச்சிட்டே இருக்கு. அதுல இருந்தே தெரியும், ரெண்டு கட்சிக்கும் இது மேல பெருசா சண்டை இல்லன்னு.

அரசாங்கக் காசுக்கும் சேஃப்டிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் 2009ல நடந்த வீட்டுக்கூரை இன்சுலேஷன் திட்டம், பேச்சுவழக்குல பிங்க் பேட்ஸ்னு சொல்லுவாங்க. உலகப் பொருளாதாரம் படுத்த நேரம், ஜனங்களுக்கு வேலை குடுக்கணும்னு மத்திய அரசு வீட்டுக்கூரைக்குள்ள வெப்பத்தடுப்பு போட மானியம் அறிவிச்சுது. காசு கொட்டினதும் நேத்து வரைக்கும் வேற தொழில் பண்ணவங்கல்லாம் ராத்திரியோட ராத்திரியா இன்சுலேஷன் காண்ட்ராக்டர் ஆயிட்டாங்க, பயிற்சியே இல்லாத சின்னப் பசங்களைக் கூரைக்குள்ள ஏத்திவிட்டாங்க. நாலு இளைஞர்கள் செத்துப் போனாங்க, மூணு பேர் குயின்ஸ்லாந்துல கரண்ட் அடிச்சு, ஒருத்தர் நியூ சவுத் வேல்ஸ்ல கூரைக்குள்ள இருந்த வெக்கைல. 2010 பிப்ரவரில திட்டத்தையே இழுத்து மூடினாங்க, 2014ல அதுக்குன்னு தனியா ஒரு ராயல் கமிஷன் நடந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது, எஃப்எஸ்சி ஸ்கீம் அப்பவே இருந்துச்சு, ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயிரத்துச் சொச்சம் டாலர் வேலை, ஸ்கீம் தொடற அளவே இல்ல. காசு நிறைய சின்னச் சின்னதாப் பிரிஞ்சு போனா இந்த மாதிரி ஸ்கீம் அதைப் பிடிக்காது. அதை மனசுல வெச்சிட்டு அடுத்து வர்ற தொகைக் கணக்கைப் படிங்க.

கணக்குல ரெண்டு வகை. காமன்வெல்த் துறையே நேரா பில்டர் கூட காண்ட்ராக்ட் போட்டா, டிஃபென்ஸ் முகாம்ல கட்டற கட்டடம் மாதிரி, அது நேரடி நிதி. காண்ட்ராக்ட் 4 மில்லியன் டாலர், அதுவும் ஜிஎஸ்டி சேர்த்து, அதைத் தொட்டா அக்ரிடிடேஷன் வேணும், முடிஞ்சது கதை. ரெண்டாவது மறைமுக நிதி, அதாவது காமன்வெல்த் ஒரு மாநிலத்துக்கோ கவுன்சிலுக்கோ யுனிவர்சிட்டிக்கோ கிராண்ட் குடுக்கும், அவங்க பில்டரைப் பிடிப்பாங்க. தலை சுத்தற இடம் இதுதான். ஹெட் காண்ட்ராக்ட், அதாவது மெயின் பில்டரோட நேரா போடற காண்ட்ராக்ட், 4 மில்லியனுக்குக் குறையாம இருக்கணும், அதோட காமன்வெல்த் பங்கு குறைஞ்சது 6 மில்லியனாவும் மொத்தச் செலவுல பாதிக்குக் குறையாமலும் இருக்கணும். இல்லன்னா காமன்வெல்த் பங்கு 10 மில்லியனைத் தொட்டுடுச்சுன்னா சதவீதமே பார்க்க வேண்டாம், ஸ்கீமுக்குள்ள வந்துடும்.

தம்பியோட லேபையே எடுத்துப்போம். மொத்தம் 13 மில்லியன், அதுல காமன்வெல்த் கிராண்ட் 7, மிச்சத்தை யுனிவர்சிட்டி போடுது. 6ஐத் தாண்டிடுச்சு, பாதியையும் தாண்டிடுச்சு, ஒரே ஹெட் காண்ட்ராக்ட், ஆக உண்டு. இதே 7 மில்லியன் கிராண்ட் ஒரு 30 மில்லியன் ஹாஸ்பிடலுக்குப் போயிருந்தா கால் பங்குக்கும் கீழ, தேவையில்ல. 200 மில்லியன் ரோட்டு வேலைக்கு 10 மில்லியன் போட்டா வெறும் அஞ்சு சதவீதம்தான், ஆனாலும் அந்த ரோட்டுல 4 மில்லியனுக்கு மேல போற ஒவ்வொரு ஹெட் காண்ட்ராக்டுக்கும் வேணும். இந்த மூணாவதுலதான் எஸ்டிமேட்டர்கள் கோட்டை விடறது, மாநில அரசு லோகோ போட்ட டெண்டரைப் பார்த்துட்டு இதுல காமன்வெல்த் எங்க வந்துச்சுன்னு நினைச்சுக்குவாங்க. டெண்டர் பேப்பர்ல நிதி எங்கிருந்து வருதுங்கற பக்கத்தைப் படிக்காம விலை போட உக்காராதீங்க.

தனி வீடு கட்டறது இதுல வராது. அதனால வீடு கட்டற நம்ம சொந்தக்காரர் பில்டர் மாமா பயப்பட வேண்டாம்.

இன்னொரு பெரிய தப்புக் கருத்து, சப் காண்ட்ராக்டரும் அக்ரிடிடேஷன் வாங்கணும்னு. இல்லவே இல்ல. கம்பி கட்டறவர், ஸ்கேஃபோல்ட் போடறவர், எலக்ட்ரீஷியன் யாருக்கும் தேவையில்ல, காசு போடற பக்கத்தோட நேரா கையெழுத்துப் போடற ஹெட் காண்ட்ராக்டருக்கு மட்டும்தான். இது ஆளுக்குக் குடுக்கற கார்டும் இல்ல, சைட்டுக்குள்ள கால் வெக்கணும்னா எல்லாரும் ஒருநாள் கோர்ஸ் போய் ஒயிட் கார்டு வாங்கறோமே அது வேற சமாச்சாரம். ஆனா சப் காண்ட்ராக்டருக்குத் தேவையில்லன்னு சொன்னேனே, அதுக்காக அவர் நிம்மதியா இருக்கலாம்னு அர்த்தம் இல்ல, ஆடிட் வரும்போது பார்க்கறது பாதிக்கு மேல அவர் பண்ற வேலையைத்தான், பதில் சொல்ல வேண்டியது மட்டும் ஹெட் காண்ட்ராக்டர்.

சரி, எப்படி வாங்கறது? முதல்ல மூணாம் ஆள் சரிபார்த்துக் குடுத்த சேஃப்டி மேனேஜ்மென்ட் சிஸ்டம் சர்டிபிகேட் கையில இருக்கணும், தம்பியோட ஐஎஸ்ஓ 45001 இங்கதான் வருது, வாசக்கதவுன்னு சொன்னேனே. அப்புறம் விண்ணப்பம், கம்பெனியோட முந்தின விபத்துக் கணக்கு, சிஸ்டம் டாக்குமென்ட் எல்லாம் போகும். அதுக்கப்புறம் ஃபெடரல் சேஃப்டி ஆபீசர், சுருக்கமா எஃப்எஸ்ஓ, சைட்டுக்கு ஆடிட் வருவார். சைட்ங்கறதுல அழுத்தம் குடுத்துக்கோங்க. வேலை நடந்துட்டிருக்கற சைட் வேணும், அதுவும் உயரத்துல வேலை, ஆழமான குழி, கிரேன், பெரிய மெஷின் ஓடறதுன்னு ஆபத்தான வேலை ஏதாவது உண்மையிலேயே நடந்துட்டிருக்கணும். கையில வேலையே இல்லாத கம்பெனி ஆபீஸ்ல உக்காந்துட்டு இதை வாங்க முடியாது.

ஐஎஸ்ஓ ஆடிட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா நான் ஒரு வரில சொல்றது இதான்: ஐஎஸ்ஓ ஆடிட்டர் உன்கிட்ட சிஸ்டம் இருக்கான்னு கேப்பார், எஃப்எஸ்ஓ அந்த சிஸ்டம் மண்ணுல இறங்கியிருக்கான்னு கேப்பார். ஐஎஸ்ஓ ஆடிட்டரும் சைட்டுக்கு வர்றதுண்டு, இல்லன்னு சொல்லல, ஆனா இவங்க அளவுக்கு ஒரு வேலையைப் பிடிச்சு அதோட நுனி வரைக்கும் போக மாட்டாங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்கல்ல, எஃப்எஸ்ஓ நேரா சமையல்கட்டுக்கே வந்து கறிச்சட்டியைத் திறந்து பார்க்கற ஆள்.

எனக்கு நடந்ததைச் சொன்னா புரியும். அப்ப நான் வேலை பார்த்தது வேற கம்பெனி. முதல் எஃப்எஸ்சி ஆடிட், மூணாவது மாடில கான்கிரீட் போட தயாராயிட்டிருக்கோம், என் கையில ஸ்வம்ஸ் ஃபைல் இருக்கு. ஸ்வம்ஸ்னா சேஃப் ஒர்க் மெத்தட் ஸ்டேட்மென்ட், ஆபத்தான வேலை ஒவ்வொண்ணுக்கும் அதை எந்தப் படியில செய்யறோம், ஒவ்வொரு படியிலயும் என்ன ஆபத்து, அதை எப்படிக் கட்டுப்படுத்தறோம்னு எழுதற காகிதம், 2 மீட்டருக்கு மேல இருந்து விழற வாய்ப்பு இருந்தா, 1.5 மீட்டருக்கு மேல ஆழமா டிரெஞ்ச் தோண்டினா எல்லாம் கட்டாயம். எங்களோடது 42 பக்கம், எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, எனக்குப் பெருமை வேற. எஃப்எஸ்ஓ ஃபைலை மேலோட்டமா ஒருதடவை புரட்டினார், மூடி வெச்சார், நேரா கான்கிரீட் கேங்ல இருந்த ஒருத்தர்கிட்ட போயி, இந்த விளிம்புக்கிட்ட ஹோஸை இழுக்கும்போது கைப்பிடிக் கம்பியைக் கழட்ட வேண்டியிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டார். அவர் ஈழத்துல இருந்து வந்த ஒரு அண்ணை, வேலைல கெட்டிக்காரர், இங்கிலீஷ் கொஞ்சம் தட்டும். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறம் ஸ்மோக்கோல, டீ பிரேக்குக்கு இங்க அப்படித்தான் சொல்றது, என்கிட்ட மெதுவா சொன்னார், "தம்பி, உதில என்ன எழுதிக் கிடக்கெண்டு எனக்கு விளங்கேல்ல, எல்லாரும் போட்டவை, நானும் கையெழுத்துப் போட்டனான்." அவர்மேல என்ன தப்பு? தமிழ்காரன் நான் பக்கத்துலயே நின்னுட்டு, ஒரு பத்து நிமிஷம் தமிழ்ல சொல்லியிருக்கலாம், சொல்லல. எஃப்எஸ்ஓ கரெக்டிவ் ஆக்ஷன் எழுதினார், அதாவது இதைச் சரிபண்ணி ஆதாரத்தோட காட்டுன்னு ஒரு உத்தரவு. அதுக்கப்புறம் அந்த 42 பக்கம் படம் போட்ட 6 பக்கமாச்சு, அந்தந்த கேங்ல மொழி தெரிஞ்சவர் காலைல டூல்பாக்ஸ் டாக்ல, அதாவது வேலைக்கு முன்னாடி கூடிப் பேசற சின்ன மீட்டிங்ல, சொல்லணும்னு ஆச்சு. அந்த 42 பக்கமும் எனக்காக எழுதினது, கேஸ் வந்தா கம்பெனி தப்பிக்கறதுக்காக எழுதினதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. நான் பார்த்த வரைக்கும் முதல் ஆடிட்டுலயே சுத்தமா வெளில வந்த கம்பெனி ஒண்ணுகூட இல்ல, அதனால கரெக்டிவ் ஆக்ஷன் வந்ததும் மூஞ்சியத் தொங்கப்போட வேண்டாம்.

அவங்க கேக்கற மத்த விஷயங்களைப் பார்ப்போம். பெரிய தலைங்க சேஃப்டில நிஜமா கை வெக்கறாங்களான்னு பார்ப்பாங்க, எம்டி சைட்டுக்கு வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாரா இல்ல வந்தப்ப பார்த்த குறையைப் பின்தொடர்ந்தாரா. சப் காண்ட்ராக்டரை விலையை மட்டும் பார்த்து எடுக்கறீங்களா, எடுத்தப்புறம் அவர் வேலையை யார் கவனிக்கறா. தொழிலாளிங்ககிட்ட கலந்து பேசறீங்களா, பயிற்சி யாருக்கு எப்ப குடுத்தீங்க, சேஃப்டியை எப்படி அளக்கறீங்க, இதெல்லாம் உண்டு. எனக்குப் பிடிச்சது டிசைன் பத்தின கேள்வி. கட்டடம் வரைபடத்துல இருக்கும்போதே ஆபத்தை எடுத்துட்டீங்களான்னு கேப்பாங்க. மொட்டை மாடில ஏசி யூனிட்டை ஓரமா வெச்சா சர்வீஸ் பண்ண வர்றவன் இருபது வருஷம் விளிம்புல நின்னு வேலை பார்க்கணும், அதையே நடுவுல தள்ளி வெச்சா பெல்ட்டும் வேண்டாம் கயிறும் வேண்டாம். பென்சில்ல ஒரு கோடு தள்ளிப் போடற செலவு. சேஃப்டில ஒரு வரிசை உண்டு, முதல்ல ஆபத்தையே இல்லாம ஆக்கு, முடியலன்னா குறைஞ்ச ஆபத்துள்ளதா மாத்து, தடுப்பு போடு, அதுவும் முடியலன்னா விதிமுறை, பயிற்சி, எல்லாத்துக்கும் கடைசியாதான் ஹெல்மெட்டும் பெல்ட்டும். நம்ம ஆளுங்க சேஃப்டின்னு சொன்னதும் நேரா ஹெல்மெட்டுக்கு ஓடுவாங்க, எஃப்எஸ்ஓ மேல இருந்து ஆரம்பிப்பார். குழிக்குள்ள ஆள் இறங்கறான்னா ஹெல்மெட் போட்டிருக்கானான்னு இல்ல, அவன் எதுக்கு இறங்கணும், இறங்காம பண்ண வழி பார்த்தியான்னுதான் முதல் கேள்வி.

அக்ரிடிடேஷன் கிடைச்சதும் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, அங்கதான் ஆரம்பம். அதுக்கு காலக்கெடு உண்டு, முடிஞ்சா புதுப்பிக்கணும், நடுவுல ஆடிட் வந்துட்டே இருக்கும், விபத்து நடந்தா ரிப்போர்ட் போகணும். இதுல புதுசா வர்ற கம்பெனிகளுக்கு இடி மாதிரி விழற விஷயம் ஒண்ணு, காமன்வெல்த் காசு போட்ட சைட்ல மட்டும் ஒழுங்கா இருந்தா போதாது. கம்பெனியோட மத்த சைட்களும், தனியார் அபார்ட்மென்டோ மாநில அரசு ஸ்கூலோ, அதே சிஸ்டத்துலதான் ஓடணும். ஸ்கீமோட உண்மையான பலமே இதுதான்னு நான் நினைக்கறேன். அரசாங்கம் காசு போடறது ஒரு சைட்டுக்கு, திருந்தறது பத்து சைட்.

தப்பு பண்ணா என்ன ஆகும்? எஃப்எஸ்சி ஃபைன் போட்டு கோர்ட்டுக்கு இழுக்கற ரெகுலேட்டர் கிடையாது, அது நியூ சவுத் வேல்ஸ்ல சேஃப்ஒர்க், விக்டோரியால ஒர்க்சேஃப் மாதிரி மாநில அமைப்புகளோட வேலை. எஃப்எஸ்சி கையில இருக்கறது அந்த அக்ரிடிடேஷன் ஒண்ணுதான், அதுக்கு நிபந்தனை போடலாம், நிறுத்தி வெக்கலாம், பிடுங்கலாம். கேக்கறப்ப சின்னதாத் தோணும். ஆனா வருஷ டர்ன்ஓவர்ல பாதி டிஃபென்ஸ் வேலையும் ரோட்டு வேலையும்தான்னு இருக்கற கம்பெனிக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. ஃபைனை இன்னொரு செலவுக் கணக்குல எழுதிடலாம், வேலையே எடுக்க முடியாதுங்கறதை எந்தக் கணக்குல எழுதறது?

சேஃப்டியோட நேரா ஒட்டாத மாதிரித் தெரியற இன்னொரு விஷயமும் இதுக்குள்ள இருக்கு, கட்டடப் பொருள். 2014 நவம்பர்ல மெல்போர்ன் டாக்லேண்ட்ஸ்ல லக்ரோஸ்னு ஒரு அடுக்குமாடில, எட்டாவது மாடி பால்கனில அணைக்காத ஒரு சிகரெட்டுல இருந்து பிடிச்ச தீ, வெளிச்சுவத்துல ஒட்டியிருந்த கிளாடிங்ங்கற மேல்பேனல் வழியா சில நிமிஷத்துல உச்சி வரைக்கும் ஏறிடுச்சு, புண்ணியத்துக்கு யாரும் சாகல. 2016ல பெர்த்ல கட்டிட்டிருந்த குழந்தைகள் ஹாஸ்பிடல் கூரைல சீனால இருந்து வந்த பேனல்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது தெரிஞ்சது, அதை நாட்டுல முழுசாத் தடை பண்ணி பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆன அப்புறம். இப்படிப் பொருள் பத்தின பேச்சு சூடா இருந்த நேரத்துல 2016 கடைசில புதுச் சட்டம் வந்தப்ப, அக்ரிடிடேஷன் வாங்கின பில்டர் தேசியக் கட்டட விதிகள்ல பொருள் சம்பந்தமா இருக்கறதையும் கடைப்பிடிக்கணும், அதையும் சேஃப்டி கமிஷனர் ஆடிட் பண்ணலாம்னு சேர்த்தாங்க. ஆக கன்டெய்னர்ல மலிவா வந்து இறங்கற பேனலுக்கு டெஸ்ட் சர்டிபிகேட் கேக்கற வேலையும் இப்ப நம்ம தலைல.

இந்த ஸ்கீம் பத்தி குறை இல்லாம இல்ல. சின்ன பில்டருக்கு இது கஷ்டம்தான், சேஃப்டிக்குன்னு முழுநேர ஆள் வெக்கணும், ஐஎஸ்ஓவுக்குச் செலவு, ஆடிட்டுக்கு மாசக்கணக்குல தயாராகணும், அதனால 5 மில்லியன் வேலைகூட பெரிய ஆளுங்க கைக்குத்தான் போகுதுன்னு புலம்பறாங்க, அதுல நியாயம் இருக்கு. கிராமத்துப் பக்கம் உள்ளூர் பில்டர் நல்லா வேலை பண்றவரா இருப்பார், பேப்பர் இல்லாததால ஊர்ல கட்டற ஸ்போர்ட்ஸ் சென்டரை சிட்டில இருந்து வந்தவன் எடுத்துட்டுப் போவான். ஆனா பிங்க் பேட்ஸ் கதையைப் படிச்ச அப்புறம் ஸ்கீமோட தொகை வரம்பை மேல ஏத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அக்ரிடிடேஷன் இல்லாத கம்பெனிக்கு வழியே இல்லையான்னா, இருக்கு. டெண்டர் போடும்போதே அது கையில இருக்கணும்னு ஸ்கீம் சொல்லல, காண்ட்ராக்ட் கையெழுத்தாகற நேரத்துல இருக்கணும், வேலை முடியற வரைக்கும் இருக்கணும். ஆனா விண்ணப்பிச்சு அடுத்த வாரம் வாங்கற சமாச்சாரம் இல்ல இது, நான் பார்த்ததெல்லாம் மாசக்கணக்கு, அதனால அந்த இடைவெளியை நம்பி டெண்டர் போடறது சூதாட்டம். கடமை சட்டப்படி காசு குடுக்கற துறை மேலதான் இருக்கு, அக்ரிடிடேஷன் இல்லாத பில்டருக்குப் போற வேலைக்கு அவங்க காசை விடக்கூடாது, அதனால அவங்களும் கண்டும் காணாம விட மாட்டாங்க. இன்னொண்ணு, அக்ரிடிடேஷன் இருக்கற கம்பெனியோட ஜாயின்ட் வென்ச்சர் போடலாம், சேஃப்டி அவங்க சிஸ்டத்துல அவங்க பொறுப்புல நடக்கணும். அதுவும் இல்லன்னா சப் காண்ட்ராக்டராப் போய் ஒரு நல்ல ஹெட் காண்ட்ராக்டர் கிட்ட இருந்து எல்லாத்தையும் கத்துக்கலாம், இது கௌரவக் குறைச்சல்னு நிறைய எம்டிங்க நினைக்கறாங்க. யார் யார்கிட்ட அக்ரிடிடேஷன் இருக்குங்கற பட்டியல் கமிஷனர் ஆபீஸ் வெப்சைட்லயே இருக்கு, யார் வேணா பார்க்கலாம், வேலைக்கு இன்டர்வியூ போறதுக்கு முன்னாடி அந்த கம்பெனி பேர் அதுல இருக்கான்னு பார்த்துட்டுப் போனா நாலு கேள்வி கேக்க வசதியா இருக்கும்.

தம்பி இதெல்லாத்தையும் போய் அவங்க எம்டிகிட்ட சொல்லியிருக்கான். லேபுக்கு ஜாயின்ட் வென்ச்சர் பார்க்கறாங்களாம், கூடவே அக்ரிடிடேஷனுக்கும் விண்ணப்பம் தயாராகுது, ஆங்கிலம் நல்லா எழுதறான்னு எஸ்டிமேட்டர் வேலையோட அந்த வேலையையும் இவன் தலைலயே கட்டிட்டாங்க, சொன்னவன் தலைல விடியறது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல. போன வாரம் கூப்பிட்டான், "அண்ணா, எங்க டிரெஞ்ச் வேலைக்கு ஸ்வம்ஸ் 38 பக்கம் இருக்கு, ஆடிட்டுக்கு முன்னாடி சுருக்கணும், எந்தப் பக்கத்தை எடுக்கட்டும்?"

நாளைக்குக் காலைல சைட்டுக்குப் போ, குழில இறங்கற ஆளுங்ககிட்ட இதுல எதை நீங்க படிக்கலன்னு கேளு, அதை எடுத்துடலாம்னேன்.

மறுநாள் ஒரே வரில மெசேஜ் வந்துச்சு. "அண்ணா, முதல் பக்கத்துல இருந்து எடுக்கணும்."